கொதிகலனின் ஒரே வாசகர்

பயிற்சி அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதன்மேல் முதுகை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டார் நூலகர். வெளியே போவதற்காக எழுந்த முதலாமாண்டு மாணவர்கள் தோளில் பையோடு அப்படியே நின்றார்கள்.

"ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. உக்காருங்க."

"போன் சார்ஜ் ஏறிடுச்சு சார்" என்றான் முன்வரிசைக்காரன், ரொம்ப நியாயமான காரணம் சொல்வது போல.

நூலகருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. காலையில் அறை நிரம்பி வழிந்ததைப் பார்த்திருந்தார். 'நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி' என்று கதவில் ஒட்டியிருந்த அறிவிப்புக்கு இவ்வளவு கூட்டமா என்று பூரித்துப் போயிருந்தார். கூட்டம் அறிவிப்புக்கு வரவில்லை. வளாகத்திலேயே ஒவ்வொரு மேசைக்கும் கீழே பிளக் பாயிண்ட் இருக்கிற அறை இது ஒன்றுதான்.

அவருடைய மூக்கிலிருந்து சன்னமாக ஒரு விசில் கிளம்பியது. கோபம் வருவதற்கு முன்னால் எப்போதும் கிளம்பும் விசில். அதைக் கேட்டுத்தான் எந்தக் காலத்து மாணவனோ அவருக்குக் 'கொதிகலன்' என்று பெயர் வைத்துவிட்டுப் பட்டம் வாங்கிப் போய்விட்டான். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

"சார்ஜ் ஏத்தவா வந்தீங்க? நான் என்ன செல்போன் கடையா வச்சிருக்கேன்? உக்காருடா. இன்னிக்கு நீங்கள்லாம் சேர்ந்து என் மானத்தைக் காப்பாத்தப் போறீங்க. அதுக்கப்புறம் எங்க வேணா போய்ச் சார்ஜ் போட்டுக்குங்க."

மானம் என்று அவர் சொன்னது மிகையல்ல. போன வாரம் செலவுக் குறைப்புக் குழுவின் கூட்டத்தில் நிதி அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ஆய்விதழ்த் தளத்துக்குக் கட்டுகிற சந்தாவுக்கு வருஷத்துக்கு ஒரு பேருந்து வாங்கலாம், அதை ஆள் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, நிறுத்திவிடலாம், பயிற்சி அறையையும் காலி செய்து கொடுத்தால் ஜெராக்ஸ் மெஷின் வைக்க வசதியாக இருக்கும். நூலகர் எழுந்து நின்று கத்தினார். நுழைவாயிலில் பளிங்குத் தூண் நிறுத்தப் பணம் இருக்கிறது, தூணைத் தாண்டி உள்ளே வருகிறவன் படிக்கப் பணம் இல்லையா என்று கேட்டார். கத்திய வேகத்தில், நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூட அதில் ஒரு கட்டுரையைத் தானாகத் தேடி எடுத்துவிடும், நான் சொல்லிக் கொடுத்தால், என்றும் சொல்லிவிட்டார்.

"அப்ப காட்டுங்க" என்று நிதி அதிகாரி குறுக்கே வெட்டினார். "முதலாமாண்டுப் பிள்ளை ஒண்ணு, என் கண் முன்னால தேடி எடுக்கட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

அந்த 'அன்று' இன்று. நிதி அதிகாரி குழுவினரோடு கிளம்பிவிட்டார் என்று சற்று முன்புதான் செய்தி வந்தது.

நூலகர் உரையை ஆரம்பித்தார். உரை அவருக்கு மனப்பாடம். வருஷாவருஷம் சேர்க்கை நடக்கும் மாதம் முழுக்க, வீட்டில் கூடத்தின் நடுவில் நின்று ஒத்திகை பார்ப்பார். மனைவி துணி மடித்துக்கொண்டே மாணவியாக நடிக்க வேண்டும். அசட்டுச் சந்தேகங்களாகக் கேட்கச் சொல்வார்; கேட்டால் கத்துவார். அவருடைய அம்மா, அந்த வீட்டின் சொந்தக்காரி, ஒத்திகை தொடங்கியதும் காதிலிருந்து மெஷினைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். காது கேட்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி பெருமூச்சு விடுவாள்.

"மூணே மூணு வார்த்தை" என்றார் நூலகர். "உடன். அல்லது. தவிர. தண்ணீர் உடன் மாசுன்னு போட்டா ரெண்டும் சேர்ந்து வர்ற கட்டுரை மட்டும் வரும். ஆறு அல்லது ஏரின்னு போட்டா எது இருந்தாலும் வரும். கடல் வேணாமா? தவிர கடல்னு போடு, போயிடும். இந்த மூணையும் வச்சுக்கிட்டு உலகத்துல எதை வேணா தேடலாம். எங்க, முன்னால இருக்கிற கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒண்ணு தட்டுங்க பாப்போம்."

தட்டினார்கள். அவர் வரிசை வரிசையாக நடந்தார். நடக்க நடக்க விசில் சுருதி ஏறியது. ஒருவன், 'தயவுசெய்து நல்ல கட்டுரை வேண்டும்' என்று மனு போட்டிருந்தான். இன்னொருவன் வீட்டுப்பாடக் கேள்வியை அப்படியே, 'ஏதேனும் இரண்டனுக்கு விடையளி' உட்பட, இறக்கி வைத்திருந்தான். கழுத்தில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்த பெண் எதையும் தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா ஹெட்போன், உனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

"எதைத் தேடணும்னே தெரியல சார். எனக்குத் தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சுக்க வேண்டாம்."

"வேண்டாமா? அப்ப எதுக்கு யுனிவர்சிட்டிக்கு வந்தே?"

"அதான் சார் எனக்கும் தெரியல" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

கதவு தட்டப்பட்டது. நிதி அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் குழு உறுப்பினர்கள் இரண்டு பேர், காப்பிக்கு நேரமாகிறது என்ற முகத்தோடு.

இனி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. நூலகர் ஒரு முடிவுக்கு வந்தார். நாற்பது பேர் தேடினால் நாலு பேருக்காவது வராமலா போகும்? பலகையில் பெரிதாக 'தண்ணீர் உடன் மாசு' என்று எழுதினார். எல்லாரையும் அதைத் தட்டிவிட்டு விரலைத் தேடல் விசைமேல் வைக்கச் சொன்னார். அணிவகுப்பு மைதானத்தில் கட்டளை கொடுப்பது போலக் கையைத் தூக்கி இறக்கினார்.

அறை முழுக்க ஒரே சமயத்தில் விசை தட்டிய சத்தம், கைதட்டல் போலக் காதுக்கு இதமாக இருந்தது. அடுத்த கணம் அறையிலிருந்த அத்தனை திரைகளும் வெளுத்தன. ஒரே வாசகம் அத்தனையிலும் வந்து நின்றது.

நிதி அதிகாரி பக்கத்துத் திரைக்குக் குனிந்து நிதானமாக வாசித்தார். "ஒரே இடத்திலிருந்து ஒரே தேடல் ஒரே நொடியில் வருகிறது. இது மனிதர்களின் செயலாகத் தெரியவில்லை. அனுமதி நிறுத்தப்படுகிறது." நிமிர்ந்தார். "நீங்க சொல்லிக்குடுத்த பிள்ளைங்கள மனுசங்களே இல்லைங்குது சார்."

குழு உறுப்பினர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நூலகர் அறைக்குள்ளிருந்த தொலைபேசியில் கணினி மையத்துக்காரரைப் பிடித்து, உடனே சரி செய்யச் சொன்னார். சொன்னார் என்பது மரியாதைக்கு. அவருக்கும் கணினி மையத்துக்காரருக்கும் பழைய பகை. எதிர்முனையில் அவர் பொறுமையாக, லைனை ஒருதரம் நிறுத்திப் போட்டால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், ஆனால் அது வரை நூலகம் முழுக்க எதுவும் ஓடாது, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, போட்டுத் தொலை என்றார் நூலகர்.

போட்டுத் தொலைத்தார். பயிற்சி அறையின் திரைகள் வெளுப்பிலிருந்து கறுப்புக்குப் போயின. உதவி நூலகர் ஓடிவந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சார், கவுண்ட்டர்ல எல்லாம் நின்னுபோச்சு. புக்கு திருப்பிக் குடுக்க வந்தவங்க வாசல் வரைக்கும் நிக்கிறாங்க. அபராதம் ஏறினா யார் கட்டறதுன்னு கேக்கறாங்க."

"அவங்க பாட்டனைக் கட்டச் சொல்லு."

உதவி நூலகர் தலையை இழுத்துக்கொண்டார். அந்தச் செய்தியை வரிசையில் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார் என்பது உறுதி. இத்தனை வருஷமும் அந்த வேலையில் அவர் தாக்குப் பிடித்தது, கேட்டதில் பாதியை மட்டும் வெளியே சொல்லும் வழக்கத்தால்தான்.

நிதி அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். "நாங்க கிளம்பறோம் சார். நீங்க முயற்சி பண்ணினீங்க. ஜெராக்ஸ் மெஷின்காரங்க மாசக் கடைசியில வந்து இடம் பார்ப்பாங்க."

நூலகர் இரண்டே எட்டில் கதவை அடைந்து, மறுபடியும் முதுகைக் கொடுத்து நின்றார். இந்த முறை மாணவர்களோடு செலவுக் குறைப்புக் குழுவும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டது.

"ஒருத்தர் இருக்காரு மேடம்."

"யாரு?"

"யாருன்னு தெரியாது. ஆனா இருக்காரு. இந்த மொத்த வளாகத்துலயும் அந்தத் தளத்தை முறையாப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஒருத்தர். அவர் ஒருத்தருக்காகவாவது அதை நிறுத்தக் கூடாது."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாதாமாதம் வரும் பயன்பாட்டு அறிக்கையில், பாலைவனம் மாதிரி வெறிச்சோடிய பக்கங்களுக்கு நடுவே ஓர் உறுப்பினர் எண் மட்டும் திரும்பத் திரும்ப வரும். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைகிற எண். காலையில் இவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரும் எங்கேயோ உட்கார்ந்துவிடுவார். மாலையில் இவர் கிளம்பும் நேரத்துக்குக் கச்சிதமாக முடித்துவிடுவார். விடுமுறை நாளில் வரவே மாட்டார். ஒருமுறை நூலகர் காய்ச்சலில் வீட்டோடு படுத்திருந்த வாரம் முழுக்க அவரும் வரவில்லை. ஏதோ ஒரு பந்தம் என்று நூலகர் நினைத்துக்கொண்டார். கண்ணால் பார்க்காத அந்த வாசகர்மீது அவருக்கு இருந்த மரியாதை, கண்ணால் பார்த்த யார்மீதும் இருந்ததில்லை.

சேமித்து வைத்திருந்த அறிக்கையை எடுத்து, ப்ரொஜெக்டரில் போட்டார். பெயர் இல்லை. வெறும் தேடல்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக.

"பாருங்க. முதல்ல எப்படி ஆரம்பிக்கிறாரு? கோபம். ஒரே வார்த்தை. லட்சக்கணக்குல வந்திருக்கும், மிரண்டிருப்பாரு. விட்டாரா? அடுத்தது: கோபம் உடன் ஆண் உடன் ஐம்பதைத் தாண்டியவர். பாதி கழிஞ்சுபோச்சு. அதுக்கடுத்தது பாருங்க, இதுதான்யா மூளை: தவிர மது. குடிகாரங்களை ஒதுக்கிட்டாரு. தெளிவா இருந்துக்கிட்டே கத்துறவங்க மட்டும் வேணுமாம்."

மாணவர்களிடம் ஒரு சலசலப்பு. யாரோ பையைத் தரையில் இறக்கினார்கள். முதல் தடவையாக அறையிலிருந்த எல்லார் கண்ணும் திரையில் இருந்தது.

நூலகர் சூடு பிடித்தார். அடுத்த தேடல், கோபம் உடன் ரத்த அழுத்தம் உடன் உப்பு. மனவியலிலிருந்து மருத்துவத்துக்கு எப்படிப் பாலம் போட்டிருக்கிறார் பாருங்கள் என்றார். அடுத்தது, கத்துதல் அல்லது உரத்த பேச்சு உடன் கூட இருப்பவர் காது. அடுத்தது, பதில் பேசாமல் இருத்தல் உடன் பலன். அதற்கடுத்தது, ஒரே உரையைத் திரும்பத் திரும்பக் கேட்டல் உடன் தலைவலி. அதில் பின்வரிசை கொல்லென்று சிரித்தது. சிரிக்க என்ன இருக்கிறது, அது ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வு, உங்கள் பேராசிரியர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது என்று அதட்டினார்.

ஹெட்போன் கையைத் தூக்கினாள். "சார், இது ஆராய்ச்சி மாதிரி தெரியல. வீட்ல யாரோ ஒருத்தர வச்சுக்கிட்டுத் தேடுற மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேர்தாம்மா கள ஆய்வு" என்றார் நூலகர் கம்பீரமாக. "ஒரே ஆளை வருஷக்கணக்கா கூடவே இருந்து கவனிக்கிறது. பெரிய பெரிய ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க. கடைசித் தேடலைப் பாருங்க, போன வாரத்தது. பிரிந்து வாழ்தல் உடன் மருமகள் உடன் மாமியார் வீடு தவிர மகன். மருத்துவத்துலேருந்து தாவிச் சட்டத்துக்கு வந்துட்டாரு. அந்த 'தவிர'யைப் போட்ட இடத்தைப் பாருங்க. அப்படியே சொருகியிருக்கு. இப்படி ஒரு மாணவன் எனக்குக் கிடைச்சா நான் ஏன் கத்தப் போறேன்?"

நிதி அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்து, கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். கணக்குத்தான் போடுகிறார் என்று நூலகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நிதி அதிகாரி. "ஆனா இதெல்லாம் நீங்களே உக்காந்து தட்டினது இல்லைன்னு நான் எப்படி நம்பறது?"

விசில் நின்றுவிட்டது. உதவி நூலகர் அங்கே இருந்திருந்தால் ஓடியிருப்பார். விசில் நின்றால் அடுத்தது வெடிப்பு.

"என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. அந்த வாசகரைக் கூட்டிட்டு வாங்க. என்கிட்ட நேர்ல வந்து, எனக்கு இது வேணும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பிள்ளைங்க தேடினதுக்குப் பதிலா அதையே எடுத்துக்கறேன். இங்கயே கையெழுத்துப் போடறேன்."

கூட்டி வருவது என்றால் பெயர் வேண்டும். எண்ணுக்குப் பின்னாலிருக்கும் பெயர் கணினி மையத்திடம் மட்டும்தான் உண்டு. அது நூலகத்தின் கைக்கு வரவே கூடாது என்று சண்டை போட்டு விதி எழுதி வாங்கியவரே இவர்தான். 'நீங்கள் எதைத் தேடினீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டோம்' என்று பயிற்சி அறைச் சுவரில், அவர் கையெழுத்திலேயே, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் கணினி மையத்துக்கு மறுபடி போன் போட்டார்.

"பேரா?" என்றார் கணினி மையத்துக்காரர். அவர் குரலில் பல வருஷத்துச் சந்தோஷம் தெரிந்தது. "விதிப்படி குடுக்க முடியாதே சார். ஒரு தடவை நான் வாய் தவறி ஒரு பேரைச் சொன்னதுக்கு, என்னை நடு வராந்தாவுல நிக்க வச்சு என்ன கத்து கத்தினீங்க. வாசகருக்கும் நூலகத்துக்கும் உள்ளது, வைத்தியர்கிட்ட சொன்ன ரகசியம் மாதிரின்னு. எனக்கு இன்னும் காதுல இருக்கு."

"அது அப்ப. இது இப்ப."

"விதியில அப்ப இப்பன்னு போடலியே சார். நீங்கதான எழுதினீங்க."

நூலகர் ரிசீவரைப் பிடித்திருந்த பிடியில் அது நொறுங்காதது ஆச்சரியம். நிதி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழு உறுப்பினர் வெளிப்படையாகவே கொட்டாவி விட்டார்.

"சரி. பேர் வேணாம். அந்த எண்ணோட அட்டையை நிறுத்து."

"சார்?"

"நிறுத்துய்யா. உள்ள போக விடாதே. நிறுத்தக் கூடாதுன்னு விதியில இல்லையே? ஏன் நின்னுதுன்னு கேட்டு அவரே கூப்பிடுவாருல்ல."

"உங்க ஒரே வாசகர் சார்" என்றார் கணினி மையத்துக்காரர். பகையாளிக்கே மனசு கேட்கவில்லை.

"நிறுத்துன்னா நிறுத்து."

நின்றது. கூடவே, நூலகத்தின் லைனும் உயிர் பெற்றது. திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. வெளியே கவுண்ட்டரில் யாரோ பெருமூச்சு விட்டது கதவைத் தாண்டிக் கேட்டது.

நூலகர் தொலைபேசியையே முறைத்துக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. அவருடைய சட்டைப் பையில் செல்போன்தான் அதிர்ந்தது. யாரென்று பார்க்காமலே அமுக்கினார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அமுக்கினார். வேலை நேரத்தில் செல்போனை எடுப்பதில்லை என்பதும் அவருடைய விதிதான்.

அவர் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அறையில் அவர் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஹெட்போன் முதலில் ஆரம்பித்தாள். கோபம் உடன் அப்பா, தவிர மது என்று தட்டினாள். வந்ததைப் பார்த்து, அப்பா என்பதை எடுத்துவிட்டுத் தந்தை என்று போட்டாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, விடுதிக் காப்பாளரைப் போட்டான். இன்னொருவன் அண்ணன். இன்னொருத்தி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமா. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கோபக்காரர் இருந்தார். ஒருவர் தட்டியதை இன்னொருவர் தட்டவில்லை என்பதால் தளத்துக்கும் சந்தேகம் வரவில்லை. இவர்கள் மனிதர்கள்தான் என்று ஒப்புக்கொண்டு கட்டுரைகளை அள்ளிக் கொடுத்தது.

"சார், வந்துடுச்சு" என்றாள் ஹெட்போன். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். "எங்கப்பா மாதிரியே நிறைய பேர் இருக்காங்க சார்."

"இரும்மா, போன் வரணும்" என்று எரிந்து விழுந்தார் நூலகர்.

கதவு மெல்லத் திறந்தது. உதவி நூலகரின் முகம் வெளிறியிருந்தது. "சார், ஒரு வாசகர் கவுண்ட்டர் லைன்ல இருக்காங்க. அட்டை ஏன் நின்னுபோச்சுன்னு கேக்கறாங்க. இங்க மாத்தி விடறேன். ஆனா ஸ்பீக்கர்ல மட்டும் போடாதீங்க."

"ஏன் போடக் கூடாது? ஊர் கேக்கட்டும்."

"வேணாம் சார். நான் சொல்றதைக் கேளுங்க."

"இந்தக் குழு கேக்கணும். இந்தப் பசங்க கேக்கணும். ஒரு நல்ல வாசகர் எப்படிப் பேசுவாருன்னு தெரியட்டும்." ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தக் குரல் அவரிடம் இருப்பதே அங்கிருந்த யாருக்கும் தெரியாது; அவ்வளவு பணிவாக இருந்தது. "வணக்கம். நீங்க யாரு, எந்தத் துறைன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்களை எனக்கு நல்லாத் தெரியும். ரொம்ப நாளா உங்களைப் பார்க்கணும்னு..."

"நான்தாங்க" என்றது பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல். "செல்லை எடுத்தாத்தான் என்ன? அடிக்க அடிக்க அமுக்கறீங்க. நீங்க வாங்கிக் குடுத்த, ஊழியர் குடும்பத்துக்கான லைப்ரரி அட்டையை எவனோ நிறுத்தி வச்சிருக்கான். பாதி படிச்சுக்கிட்டிருக்கும்போது வெளிய தள்ளிடுச்சு. யாருன்னு பாத்து கொஞ்சம் சத்தம் போடுங்க, உங்களுக்குத்தான் நல்லா வருமே."

நாற்பது பேரும் திரையையும் நூலகரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நூலகர் திரையைப் பார்த்தார். திரையில் எல்லாம் அப்படியே இருந்தது. கோபம். ஐம்பதைத் தாண்டியவர். தவிர மது. உப்பு. மூக்கில் விசில்கூட வரவில்லை.

"நீயா?" என்றார் கடைசியில்.

"பின்ன யாரு? உங்களுக்குப் பிரஷர் ஏறிடுமோன்னு பயந்து ஆரம்பிச்சேன். நீங்கதான வருஷாவருஷம் நடுக்கூடத்துல நின்னு சொல்லிக் குடுத்தீங்க, உடன், அல்லது, தவிரன்னு. துணி மடிக்கிறவளுக்கு மண்டையில ஏறாதுன்னு நினைச்சீங்களா?"

இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கற்றுக்கொண்டது ஒரே ஒரு ஆள். அதுவும் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே. சட்டென்று ஒரு பெருமை எழுந்து, எழுந்த வேகத்திலேயே திரையில் இருந்த வரிகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

நிதி அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தான் யார் என்று சொன்னார். பிறகு, கையிலிருந்த துண்டுத் தாளைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தணித்துக் கேட்டார்: "இந்தப் பதில் பேசாம இருக்கிறது... அதுல பலன் இருந்துச்சாம்மா?"

"சாப்பாட்டு நேரத்துல இருக்கு மேடம். கிளம்பற நேரத்துல இல்ல."

"உப்பைக் குறைச்சீங்களா?"

"குறைச்சேன். அதுக்கும் கத்துனார்."

"எங்க வீட்லயும் அதேதான்" என்றார் நிதி அதிகாரி. அவர் அத்தனை நேரம் குறித்தது கணக்கல்ல என்று நூலகருக்கு அப்போதுதான் விளங்கியது. "சரி, ஒரே ஒரு கேள்வி. இந்தச் சந்தா தொடரணுமா, வேணாமா?"

"ஐயோ, கண்டிப்பா வேணும் மேடம். நான் இன்னும் முடிக்கலையே."

நிதி அதிகாரி அங்கேயே, மேசைமேல் சந்தாத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருஷம் என்றிருந்ததை அடித்து மூன்று வருஷம் என்று மாற்றினார். குழு உறுப்பினர்களில் ஒருவர் திரையிலிருந்ததைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார், மனைவிக்குக் காட்டவா மறைக்கவா என்பது தெரியவில்லை.

ஜெயித்துவிட்டார். சந்தா தப்பித்தது, அறை தப்பித்தது, ஜெராக்ஸ் மெஷின் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். நூலகர் கொண்டாடவில்லை. அவர் கண் திரையின் கடைசி வரியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அறையே தன்னைப் பார்க்கிறது என்பதையும் ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை என்பதையும் மறந்து, தொலைபேசிப் பெட்டிக்கு வெகு அருகே குனிந்தார்.

"ஏம்மா" என்றார். கல்யாணமான புதிதில் பேசிய குரல். "அந்தக் கடைசித் தேடல். பிரிந்து வாழ்தல், மருமகள், மாமியார் வீடு, தவிர மகன். அதையுமா நீ தேடுனே?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொள்வது மட்டும் கேட்டது. பிறகு மனைவி சொன்னாள்:

"அந்த ஒண்ணு மட்டும் நான் இல்லைங்க. அது அத்தை தேடினது."